நீல டிரம்மில் இருந்த கடல்

காலையில் கதவைத் திறந்து விளக்கைப் போட்டபோது ஜெல்லி மீன்கள் எல்லாம் மேலே இருந்தன.

மேலே என்றால் தண்ணீரின் மேற்பரப்போடு ஒட்டிக்கொண்டு, யாரோ கழுவிக் காயப்போட்ட பாலிதீன் பைகளைப் போல. குடை போன்ற உடம்பை விரித்துச் சுருக்கி, தொட்டி முழுக்க மெல்லச் சுற்றிவர வேண்டிய ஜீவன்கள். ஒன்றிரண்டு குடையை அசைத்து இறங்கப் பார்த்தன. முடியவில்லை. திரும்ப மேலேயே வந்து முட்டிக்கொண்டன.

தோளில் தொங்கிய பையைக்கூடக் கழற்றாமல் அங்கிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதுகுவலிக்காக எடுத்த விடுப்பு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்தேன். 'இன்னும் ரெண்டு நாள் படுத்திருக்கலாம்' என்றது முதுகு. முதுகு சொல்வதை நான் எப்போதுமே தாமதமாகத்தான் கேட்பேன்.

எங்கள் மீன்காட்சியகம் ஒரு கடைத்தொகுதியின் அடித்தளத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கார் நிறுத்துமிடம், மறுபக்கம் ஜெனரேட்டர். நிஜக் கடல் இங்கிருந்து ஒரு நாள் ரயில் பயணம். ஆகவே எங்கள் கடலை நாங்களே செய்துகொள்கிறோம். மூட்டையில் வரும் உப்பு, குழாயில் வரும் தண்ணீர், அதைச் சுத்தப்படுத்த ஓர் இயந்திரம், கலக்க ஒரு துடுப்பு, துடுப்பைப் பிடிக்க நான். ஒரு கிலோ கடல்நீரில் முப்பத்தைந்து கிராம் உப்பு இருக்க வேண்டும். உலகத்துப் பெருங்கடல்கள் எல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இந்த அளவில்தான் நிற்கின்றன; அதற்காக அவற்றுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. எனக்குத் தருகிறார்கள். அதனால் இங்கே எனக்கு 'உப்பு சார்' என்று பெயர். வீட்டில் சமையலில் உப்பு சரியா என்று என் மனைவி பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக்கூடக் கேட்பாள், என்னிடம் கேட்கமாட்டாள். "கையில குழல் இல்லாம உங்களுக்கு என்னங்க தெரியும்?" என்பாள். உண்மைதான். மறுப்பதற்குத் தெம்பில்லாத உண்மை.

குழல் என்று நாங்கள் சொல்வது உப்பு பார்க்கும் கருவியை. அதன் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தால் உள்ளே ஒரு கோடு தெரியும். கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் உப்பு. எழுந்து போய் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். கோடு நாற்பதைத் தொடப் போகும் அவசரத்தில் இருந்தது.

உப்பு ஏறினால் தண்ணீர் கனக்கும். கனத்த தண்ணீர் தனக்குள் இருப்பதை மேலே தள்ளும். ஜெல்லி மீனின் உடம்பு ஏறக்குறைய முழுவதுமே தண்ணீர். எலும்பில்லை, மூளையில்லை, பிடித்துக்கொண்டு நிற்க ஒரு காலில்லை. சுற்றியிருக்கும் தண்ணீரும் தானும் ஒரே கனம் என்ற நம்பிக்கையில்தான் அது நடுவில் நிற்கிறது. ஒரே ராத்திரியில் தண்ணீர் கனத்துவிட்டால் அது வெறும் தக்கை.

தொட்டிக்குத் தண்ணீர் விடுவது யார் என்று யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது. என் மச்சான்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். வாழ்க்கை முழுக்கப் பேருந்து ஓட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேட்டால், "பாதி உயிர ஸ்டியரிங் தின்னுடுச்சு, மீதிய ஒருத்தி தலையில கட்டறது பாவம்" என்பார். சர்க்கரை நோய் கண்ணைத் தொட்டதும் வண்டியை ஓட்டக்கூடாது என்றுவிட்டார்கள். எங்கள் வீட்டு முன்னறை சோபாவுக்கு வந்து சேர்ந்தார். வந்து தங்கினார் என்றும் சொல்ல முடியாது. நாங்கள் எழுவதற்குள் போர்வையை மடித்து, தலையணையை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து, ராத்திரி இங்கே யாரும் படுக்கவே இல்லை என்பதுபோல விறைப்பாக உட்கார்ந்திருப்பார். டிவியைச் சத்தமில்லாமல் பார்ப்பார். இன்னொரு கரண்டி போட வந்தால் இரண்டு கையாலும் தட்டை மூடுவார்.

"எங்கண்ணன் நம்ம வீட்டுல ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருக்கற மாதிரி உக்காந்திருக்காருங்க. என்னால பாக்க முடியல. உங்க மீனுங்களுக்குத் தண்ணி ஊத்தவாச்சும் ஒரு ஆள் வேணாமா?" என்று கேட்டாள் என் மனைவி. பல் தேய்க்கும்போது கேட்டாள். செருப்பு மாட்டும்போது கேட்டாள். நான் குறட்டை விடும்போதும் கேட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். மேனேஜரைக் கெஞ்சி, மச்சானைத் தற்காலிகமாகச் சேர்த்துவிட்டேன். அந்தத் தற்காலிகம் அன்றோடு முடிகிறது. முதலாளியம்மா சாயங்காலம் நேரில் வந்து, ஆளைப் பார்த்து, தொட்டியைப் பார்த்து, நிரந்தரமா இல்லையா என்று சொல்லப் போகிறார்.

மச்சான் இரண்டு கையிலும் டீயோடு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. முடி வெட்டியிருந்தார், காதோரம் வெள்ளையாகத் தெரிந்தது.

"என்ன மாப்ள, வந்ததும் உக்காந்துட்டீங்க? முதுகு மறுபடி பிடிச்சுக்கிச்சா?"

"முதுகு கெடக்கட்டும் மச்சான். அங்க பாருங்க."

பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, எல்லாரும் மேல வந்துட்டாங்க! சாப்பாட்டுக்கா?"

"சாவறதுக்கு."

டீ கொஞ்சம் தளும்பியது.

"நேத்து தண்ணி ஊத்துனீங்களா மச்சான்?"

"ஊத்தாம? ஏசி மக்கர் பண்ணி, தண்ணி தொட்டில போட்டிருக்கற கோட்டுக்குக் கீழ போயிட்டே இருந்துச்சு. அம்மா வர்ற அன்னைக்கு தொட்டி கொறையா இருந்தா நல்லாவா இருக்கும்? நேத்து சாயங்காலம் நின்னு, ஜக்கு ஜக்கா மொண்டு ஊத்தி கோட்டுக்குக் கொண்டாந்துட்டேன். முதுகுவலி உங்களுக்கு மட்டும்தான் சொந்தமா என்ன?"

"எந்த டிரம்ல மொண்டீங்க?"

"நீலம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வெள்ளைல இருந்து ஊத்தணும்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

"சொன்னீங்க." டீயை ஜாக்கிரதையாகத் தரையில் வைத்தார். "முதல் நாள் உங்க முன்னாடியே வெள்ளை டிரம் தண்ணிய ஊத்தினேனே, நீங்க போன்ல பேசிட்டு இருந்தீங்க. அந்த நல்ல தண்ணி பட்டதும் ஒண்ணு அப்படியே சுருண்டுடுச்சு மாப்ள. வெந்நீர் கொட்டுன மாதிரி. ரொம்ப நேரம் விரியவே இல்ல. அதுலேர்ந்து எனக்கு அந்த டிரம்மத் தொடவே கை வரல. நீங்க லீவுல இருந்தப்ப ஊத்தாமலே விட்டுட்டேன். நேத்து வேற வழியில்ல. கடல் தண்ணி கொறஞ்சா கடல் தண்ணியத்தானே ஊத்தணும்? நீலத்துல என்ன இருக்குன்னு கேட்டேன், கடல்னு நீங்கதான் சொன்னீங்க."

நான்தான் சொன்னேன். தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு எங்கும் போகாது, அதனால் குறைந்த இடத்தை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும் என்று விளக்கியிருக்கலாம். நல்ல தண்ணீரை அதுகளின் தலையில் கொட்டாமல் ஓரமாகச் சொட்டவிட வேண்டும் என்று காட்டியிருக்கலாம். நீல டிரம்மில் இருப்பது புதுத் தண்ணீர் செய்யும்போது கலக்கிற கெட்டிக் கரைசல், கடலைவிடப் பல மடங்கு உப்பு என்று எச்சரித்திருக்கலாம். அன்றைக்கு எனக்கு அலுப்பாக இருந்தது. எனக்கு எல்லா நாளும் அலுப்பாகத்தான் இருக்கிறது. 'கடல்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

அதையெல்லாம் இப்போது சொன்னேன். மச்சான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"அப்ப நான் அதுங்கள உப்புல ஊறப் போட்டுட்டேன்."

"நாம ரெண்டு பேரும் சேர்ந்து போட்டோம்."

"ஊத்துனது நான்தானே." டீயில் ஆடை படிந்தது.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தார். சின்ன வயசு, பெரிய கைக்கடிகாரம், எதைப் பார்த்தாலும் முதலாளியம்மா என்ன சொல்வாரோ என்று ஒரு கலக்கம். கெட்ட பையன் இல்லை. பயந்த பையன்.

"சார், இது என்ன சார்? மேல போயிடுச்சு!"

"உப்பு ஏறிடுச்சு தம்பி."

"இறக்குங்க சார்! சாயங்காலம் அம்மா வராங்க. ஏற்கனவே இந்தத் தொட்டிய எடுத்துட்டு போட்டோ எடுக்கற இடம் வைக்கலாமான்னு கேட்டுட்டு இருக்காங்க. இதப் பாத்தா தொட்டியும் போயிடும், உங்க மச்சானும் போயிடுவார். அந்த வெள்ளை டிரம்ம அப்படியே கவுத்துடுங்க. இறங்கிடும்ல?"

"இறங்கிடும்."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் ஏறாது. ராத்திரி முழுக்க உப்புத் தண்ணில இருந்து, உடம்பு அதுக்குப் பழகிட்டு வருது. இப்ப ஒரே அடியா நல்ல தண்ணிய ஊத்துனா உள்ள தண்ணி பாஞ்சு ஊதிடும். இன்னைக்கு அழகா ஆடும். நாளைக்கு அடியில கெடக்கும்."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "அம்மா இன்னைக்குத்தானே சார் வராங்க?"

பொய் சொல்ல விரும்பவில்லை, நானும் யோசித்தேன். மனைவியின் முகம் வந்தது. அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்த தலையணை வந்தது. ஜெல்லி மீனுக்கு மூளையே கிடையாது, வலி தெரியுமா என்பதுகூடச் சந்தேகம் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். வெள்ளை டிரம் பக்கத்திலேயே நின்றது. மூடியைத் திறந்தாகிவிட்டது. நான்தான் திறந்திருக்க வேண்டும்.

"என்ன மச்சான் சொல்றீங்க? உங்க வேலை இது. நீங்க சொல்லுங்க" என்றேன். எவ்வளவு தைரியசாலி பாருங்கள், பாவத்தை அவர் தலையில் இறக்கிவைத்தேன்.

மச்சான் மேலே ஒட்டிக்கொண்டிருந்தவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பஸ்ல திடீர்னு பிரேக்க அழுத்துனா வண்டி நிக்கும் தம்பி. உள்ள நிக்கறவங்க என்ன ஆவாங்க? மெதுவாவே இறக்குங்க மாப்ள."

மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டு போனார்.

முதலுதவிப் பெட்டியில், ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் ஒன்று வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு சின்னச் சக்கரம் உண்டு. உருட்டினால் சொட்டு வேகமாகும், இல்லை நிதானமாகும். வெள்ளை டிரம்மை மேசைமேல் ஏற்றி, குழாயின் ஒரு முனையை அதில் போட்டு, மறுமுனையைத் தொட்டியின் ஓரத்தில், தண்ணீர் சுழன்று வரும் இடத்தில் கட்டினேன். நல்ல தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். அதிகமான உப்புத்தண்ணீர் மறுபக்கம் வழிந்து போகும். டிரம்மைத் தூக்கியது மச்சான். "முதுகு சார், நீங்க உக்காருங்க" என்று கிண்டல் வேறு. சொட்டின் வேகத்தை நான் சரிசெய்தேன். அவர் அதைக் காது கொடுத்துக் கேட்டார், இஞ்சின் சத்தம் கேட்பதைப் போல.

"நாளைக்குள்ள இறங்கிடுமா?"

"இந்த வேகத்துல போனா ஒவ்வொண்ணா இறங்கும்."

அந்த நாள் பசைபோல இழுத்துக்கொண்டு போனது. ஏசி இன்னும் முக்கிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஒரு பெண்மணி கண்ணாடியில் மூக்கை வைத்து, "ஐயோ, செத்துப்போச்சா?" என்றார்.

"இல்லம்மா, டிரிப்ஸ் ஏறுது" என்றார் மச்சான். "சாயங்காலம் பார்வையாளர் நேரம், அப்ப வந்து பாருங்க."

மதியம் மனைவி போன் செய்தாள். "அண்ணன் சாப்பிட்டாரா? வேலை உறுதியாயிடும்தானே? ஏன் பேச மாட்டேங்கறீங்க? என்ன பண்ணி வெச்சீங்க?"

"நான் என்னடி பண்ணேன்?"

"நீங்க பேசாம இருந்தீங்கன்னா ஏதோ பண்ணியிருக்கீங்கன்னு அர்த்தம். அண்ணன ஒரு வார்த்தை கடிஞ்சு பேசிடாதீங்க, சொல்லிட்டேன்."

மச்சான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. ஸ்டூலைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டு குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும். அதனால் சொட்டு விழும் இடத்துக்குக் கீழே விரலை நீட்டி, விரலில் விழுகிறதா என்று பார்த்து, விரலை எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் சட்டையில் துடைத்துக்கொண்டார். இஸ்திரி போன இடம் தெரியவில்லை.

முதலாளியம்மா வந்தபோது கடைத்தொகுதியின் கூட்டம் கொஞ்சம் அடங்கியிருந்தது. முட்டிவலிக்காரர், எந்த அறைக்குள் வந்தாலும் முதலில் உட்கார இடம் தேடுவார். மச்சான் எழுந்து ஸ்டூலைத் தந்தார். அவர் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, தொட்டியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"என்னய்யா இது, எல்லாம் பரண்ல ஏறி உக்காந்திருக்கு?"

பகல் முழுக்க நான் ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல பொய். புது மூட்டை உப்பில் கோளாறு, விற்றவனைக் கூப்பிட்டுத் திட்டிவிட்டேன், அடுத்த மூட்டை நாளை வரும். தொண்டையைக் கனைத்தேன். "அம்மா, இந்த உப்பு மூட்டை பாத்தீங்கன்னா..."

"நான்தாம்மா," என்றார் மச்சான். "தெரியாம கெட்டி உப்புத் தண்ணிய ஊத்திட்டேன். மாப்ள மேல தப்பில்ல. இப்ப நல்ல தண்ணி விட்டு மெதுவா இறக்கிட்டு இருக்கோம்."

"மாப்ளயா?"

"என் மனைவியோட அண்ணன்மா" என்றேன்.

"அதானே பாத்தேன். வீட்டுல வெச்சிக்க முடியலைன்னா என் தொட்டில கொண்டாந்து விட்டுடுவீங்க." அவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டார். கோபம்கூட இல்லை, அவருக்கும் என்னைப்போல அலுப்புதான். "ஒரேயடியா ஊத்தி இறக்க முடியாதா?"

"முடியும்மா," என்றார் மச்சான். "செத்துடும்."

முதலாளியம்மா கொஞ்ச நேரம் சொட்டைப் பார்த்தார். "கெடுத்தவரே சரி பண்ணட்டும். இதுங்க எல்லாம் இறங்கற வரைக்கும் இவர் இருக்கட்டும். இறங்கினதும் எனக்குச் சொல்லுங்க, மத்ததெல்லாம் அப்ப யோசிக்கலாம்." கையை நீட்டினார், மேனேஜர் ஓடிவந்து எழுப்பிவிட்டார்.

காரில் ஏற்றிவிட்டுத் திரும்பிவந்த மேனேஜர் என்னைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டார். "சார், தப்பா நெனைக்காதீங்க. அம்மா 'யோசிக்கலாம்'னா எனக்குத் தெரியும். இறங்கின அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுவாங்க. வீட்டுல முன்கூட்டியே சொல்லி வெச்சிடுங்க."

வீட்டில் சொல்லி வைக்க வேண்டுமாம். அவனுக்கு என் வீட்டைத் தெரியாது.

மச்சான் காலைநேரத்து டீ டம்ளர்களைக் கழுவப் போயிருந்தார். நான் தொட்டிக்குப் பக்கத்தில் தனியாக நின்றேன். சொட்டு விழுந்துகொண்டிருந்தது. எல்லாம் இறங்கும்வரை என்றார் முதலாளியம்மா. இறங்குவது சொட்டின் கையில் இருக்கிறது. சொட்டு சக்கரத்தின் கையில். சக்கரம் என் கைக்கு எட்டும் தூரத்தில்.

லேசாகத்தான் உருட்டினேன். நிறுத்தவில்லை. மெதுவாக இறக்குவது நல்லதுதானே, இன்னும் மெதுவாக இறக்கினால் இன்னும் நல்லதாக இருக்காதா என்று காலையில் வைத்த வக்கீலையே மறுபடி கூப்பிட்டேன். கனத்த தண்ணீரில் மேலேயே கிடந்தால் குடை காய்ந்து கிழியும் என்பதை வக்கீலிடம் சொல்லவில்லை.

மச்சான் ஈரக்கையோடு வந்தார். கதவருகிலேயே நின்று காதைச் சாய்த்தார்.

"மாப்ள, சக்கரத்தத் தொட்டீங்களா?"

"இல்லையே."

"சொட்டு தள்ளித் தள்ளி விழுதே."

"மெதுவாத்தானே விழணும் மச்சான்."

"காலைல நீங்க வெச்ச வேகம் இது இல்ல." பக்கத்தில் வந்து, குனிந்து, விரலை நீட்டி ஒரு சொட்டை வாங்கிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். மேனேஜர் சொன்னதை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாற்பது பயணிகளின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தே வண்டி ஓட்டியவர் அவர்.

"எனக்காக அதுங்க மேல நிக்க வேணாம் மாப்ள" என்றார். "இறங்க இடமில்லாம ஒட்டிக்கிட்டு நிக்கறது என்னன்னு எனக்குத் தெரியும்."

சக்கரத்தை உருட்டினார். காது கொடுத்துக் கேட்டார். இன்னும் ஒரு மயிரிழை உருட்டினார். காலையில் நான் வைத்த அதே வேகம்.

ஜெனரேட்டர் ஒருமுறை இருமிவிட்டு ஓயாமல் ஓடியது.

தொட்டியின் ஓரத்தில் இருந்த ஒன்று குடையைச் சுருக்கி, விரித்து, மறுபடி சுருக்கியது. தண்ணீரின் மேற்பரப்பிலிருந்து பிரிந்தது. ஒரு சாண் கீழே வந்தது. திரும்ப மேலே போகவில்லை.

"பாத்தீங்களா!" என்று மச்சான் என் தோளில் தட்டினார். சந்தோஷத்தில் கொஞ்சம் பலமாகவே தட்டினார், முதுகில் சுளீரென்றது. உள்ளே கையை விட்டு அதைத் திரும்ப மேலே தள்ளிவிடலாமா என்று எனக்குத் தோன்றியதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

"நாளைக்கு வந்து உங்களுக்கு எல்லாத்தையும் ஒழுங்கா சொல்லித் தரேன் மச்சான்," என்றேன். "எந்த டிரம், எப்படி ஊத்தணும், குழல எப்படிப் பாக்கணும், எல்லாம்."

"நாளைக்கு நான் இருப்பேனா?"

"இருப்பீங்க. இன்னும் நிறைய மேலதான் இருக்கு."

அவர் சிரித்தார். ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டு, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஈரச் சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டார். "எதுக்கு நாளைக்கு? இப்பவே சொல்லுங்க. அலுப்பா இருந்தா வேணாம்."

அலுப்பாகத்தான் இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தேன். தண்ணீர் ஏன் கனக்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். இடையில் எதையும் விடாமல், எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன்.